பாத்திக்குள் ஓடிய பத்து நொடி

நான் இப்போது வசிக்கும் நெதர்லாந்து ஊரில் உப்பைச் சாலையில் கொட்டுகிறார்கள். குளிர்கால மாலைகளில் வெப்பநிலை பூஜ்யத்தை நெருங்கியதும் மஞ்சள் விளக்கு சுழல ஒரு லாரி வரும். ஸ்த்ரோய்வாகன் என்று பெயர். அதன் பின்புறத் தட்டு சுற்றிச் சுற்றி உப்பை இரண்டு பக்கமும் வீசிக்கொண்டே போகும். ஈரம் உறைந்து வண்டிகள் வழுக்காமல் இருப்பதற்காக. காரணம் புரியாமலில்லை, பள்ளிக்கூடத்தில் படித்த வேதியியல்தான். ஆனால் உப்பளங்கள் நிறைந்த மரக்காணத்துக்காரியின் கண்ணுக்கு அது அவ்வளவு எளிதில் பழகாது. அம்மாவும் பெரியம்மாவும் தலையில் கூடை கூடையாகச் சுமந்து கரையேற்றியதை, மழையில் கரைந்துபோகாமல் அப்பா பனையோலை போட்டு மூடி வைத்ததை, இங்கே கார் சக்கரத்துக்கு அடியில் இறைக்கிறார்கள்.

வந்த முதல் குளிர்காலத்தில் குனிந்து ஒரு உப்புக்கல்லை எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தேன். உப்பைக் கண்டால் அப்படிச் செய்வது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் பழக்கம். எதிர்வீட்டு ஆன்னெகே ஜன்னலைத் திறந்து, "நீத் ஏத்தன்! நீத் ஏத்தன்!" என்று கத்தினார். சாப்பிடாதே என்கிறார். அவருக்கு எழுபது வயதுக்கு மேல் இருக்கும். நான் உப்பளத்து ஊர்க்காரி என்று விளக்க அப்போது என்னிடம் டச்சு போதவில்லை. சிரித்துவிட்டு உள்ளே வந்துவிட்டேன். மறுநாள் காலையில் என் வாசலில் கடை உப்புப் பொட்டலம் ஒன்று இருந்தது, சிரிக்கும் முகம் வரைந்த சீட்டு ஒட்டப்பட்டு. பாவம், உப்பு எங்கே கிடைக்கும் என்று தெரியாத பெண் என்று நினைத்திருக்கிறார்.

என் வேலை அளவுக்கருவிகளைச் சரிபார்ப்பது. எதையும் பட்டியல் போட்டு, ஒவ்வொன்றாக டிக் அடித்து முடித்தால்தான் எனக்கு மனம் அடங்கும். மூன்று வருடம் கழித்துப் பொங்கலுக்கு ஊருக்குக் கிளம்பியபோதும் போனில் ஒரு பட்டியல் இருந்தது. புதுக் கேமரா, இரண்டு பேட்டரி, முக்காலி, ஆன்னெகேவுக்கு ஊர் உப்பு. அதற்குக் கீழே பதினாறு பெயர்கள், ஒவ்வொன்றின் எதிரிலும் ஒரு காலிக் கட்டம்.

அந்தப் பதினாறு கட்டங்களுக்குக் காரணம் சித்தப்பா. நான் இங்கே வந்த முதல் வருடம் அவர் மாரடைப்பில் போய்விட்டார். என்னால் போக முடியவில்லை. அலுவலகத்துக்குக் கிளம்பும் நேரத்தில் வீடியோவில்தான் பார்த்தேன். யாரோ போனைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள், படம் ஆடியது. வாசலில் பெஞ்சு மேல் சித்தப்பாவின் படம் மாலையோடு இருந்தது. அவரைத் தனியாக எடுத்த படம் ஒன்றுகூட வீட்டில் இல்லாததால், ஒரு கல்யாணக் கூட்டப் படத்திலிருந்து முகத்தை மட்டும் வெட்டிப் பெரிதாக்கியிருந்தார்கள். அவர் காதுக்குக் கீழே, மாலையின் ஓரத்தில், ஊதா நிறத்தில் ஒரு தோள் தெரிந்தது. அந்தச் சுடிதார் என்னுடையது. அந்தக் கல்யாணத்தில் அவர் பக்கத்தில் நின்றவள் நான். உயிரோடு இருக்கிறவளின் தோள் மாலைக்குள் எதற்கு என்று அம்மா பதறியிருக்கிறாள். இன்னும் வெட்டினால் காது போய்விடும் என்று ஸ்டுடியோக்காரர் சொல்லிவிட்டார். இன்றுவரை அந்தத் தோள் அங்கேயே இருக்கிறது.

இனி ஒருவருக்கும் அப்படி ஆகக்கூடாது என்று முடிவு செய்திருந்தேன். இதை யாரிடமும் சொல்லவில்லை.

மாட்டுப் பொங்கலன்று காலை ஆரம்பித்தேன். எங்களுக்கு மாடு கிடையாது, பக்கத்து ஊரான பிரம்மதேசத்து அத்தை வீட்டில்தான் உண்டு. அதனால் அன்று எல்லோரும் சாவகாசமாக இருந்தார்கள். பொங்கலுக்கு வெள்ளையடித்த பக்கச் சுவரில் வெயில் நேராக விழாமல் மென்மையாக வெளிச்சம் பரவியிருந்தது. பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றைப் போட்டேன். மரியாதையாக இருக்கட்டுமென்று வயதில் மூத்தவர்களிலிருந்து தொடங்கினேன். பெரியப்பா புதுச்சட்டையோடு வந்து உட்கார்ந்தார். நான்கு படம் எடுத்து டிக் அடித்தேன். அடுத்தது பெரியம்மா. ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே வந்தவள் நாற்காலியைப் பார்த்தாள், சுவரைப் பார்த்தாள், உட்காரவில்லை.

"ஏம்மா, இன்னா வரிசை இது?"

"வயசு வரிசை பெரியம்மா. பெரியவங்க ஃபர்ஸ்ட்டு."

"எல்லாரும் தனித்தனியாவா?"

"ஆமா."

"பின்னாடி ஒண்ணும் வரக் கூடாது?"

"வெறும் சுவருதான். நெஞ்சு வரைக்கும் எடுத்தா நீட்டா இருக்கும்."

செல்வம் அண்ணன் கரும்பைக் கடித்துத் துப்பிவிட்டுச் சொன்னான். பெரியம்மாவின் மகன், புதுச்சேரியில் மெக்கானிக், வாய் சும்மா இருக்காது. "எப்பா, உனுக்கு மாலை ஒண்ணுதான் கொறைச்சல்!"

எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்பு பாதியில் நின்றது. பெரியப்பா மெதுவாக என் பக்கம் திரும்பினார். "அப்ப நான்தான் ஃபர்ஸ்ட்டா?"

"சாவு போட்டோ எடுக்கவாடி அங்கேருந்து ப்ளேன் ஏறி வந்த?" என்றாள் பெரியம்மா. கோபம்கூட இல்லை அந்தக் குரலில். அதுதான் கஷ்டமாக இருந்தது. இல்லை என்று சொல்லியிருக்கலாம். பெரியம்மாவே தொடர்ந்தாள். "நாளைக்கு காணும் பொங்கலு, எல்லாரும் வருவாங்க. எவ்ளோ வேணா எடுத்துக்கோ. என்னை வுட்டுடு." உள்ளே போய்விட்டாள்.

"நல்ல நாளும் அதுவுமா, நாங்க என்ன நாளைக்கே போயிடப் போறோமா?" என்று அம்மா நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போனாள். எனக்கு மூன்றாம் நாள் விமானம். பதினாறு கட்டங்களில் ஒன்று நிரம்பியிருந்தது. அதையும் பெரியப்பா, "அதை அழிச்சிடும்மா" என்று கேட்க, அவர் கண்முன்னாலேயே அழித்தேன்.

எங்கே தவறினேன் என்று யோசித்துப் பார்த்தேன். நெதர்லாந்தில் ஒரு நாள் காபி குடிக்கக் கூப்பிட்ட ஆன்னெகே, மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு படத்தைக் காட்டினார். தோட்டத்தில் தொப்பியோடு நிற்கும் படம். "இது என் இறுதிச்சடங்கு அட்டைக்கு" என்றார், கடைச் சாமான் பட்டியலைச் சொல்வதுபோல. எந்தப் பாட்டு, என்ன பூ, எல்லாம் எழுதி வைத்திருந்தார். எவ்வளவு நேர்த்தி என்று வியந்தேன். என்னைப் போன்ற பட்டியல்காரி ஒருத்தி கிடைத்தாளே என்று சந்தோஷமாகக்கூட இருந்தது. இங்கேயிருந்து ஊருக்கு சாக்லேட் கொண்டுபோகிறோம், அழகு க்ரீம் கொண்டுபோகிறோம். நான் இந்த நேர்த்தியைக் கொண்டுபோயிருக்கிறேன். வெளியூரில் வாழும் நண்பர்கள் பெட்டி கட்டும்போது இதையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். விமான நிலையத்து எக்ஸ்ரேயில் இது தெரியாது.

பிற்பகல் சித்தி மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள். நானும் எதிரில் உட்கார்ந்தேன். அவள் நிமிராமலே பேசினாள்.

"அன்னிக்கு உங்க சித்தப்பா உள்ளே படுத்திருக்காரு. நான் பீரோவக் கவுத்துப் போட்டு ஒரு போட்டோவத் தேடினு இருக்கேன். ரேசன் கார்டுல எலி மாதிரி ஒண்ணு இருக்குது. ஆதார்ல திருடன் மாதிரி. அழறதுக்குக்கூட டைம் இல்ல எனக்கு." இரண்டு மொச்சை உரித்தாள். "நீ எடுத்தது தப்பில்ல பாப்பா. வரிசையா எடுத்த பாரு, அதான் தப்பு."

நானும் அவளும் ஒரே நேரத்தில் சிரித்துவிட்டோம். மூன்று வருடத்தில் சித்தப்பாவைப் பற்றி அவள் என்னிடம் பேசியது அதுதான் முதல் முறை. கேமராவைப் பையில் வைத்து மூடினேன். போனிலிருந்த பெயர்களையும் நீக்கினேன். பெரியம்மா இல்லாத குடும்பப் படம் எனக்கு வேண்டாம் என்றிருந்தது.

காணும் பொங்கலன்று அத்தையும் மாமாவும் வந்தார்கள். பொம்மையார்பாளையத்தில் கல்யாணம் செய்துகொடுத்த அக்கா, குழந்தைகளோடு பஸ் பிடித்து வந்தாள். சாப்பாடு முடிந்ததும் கடற்கரைக்குப் போகலாம் என்று பேச்சு எழுந்தது. அப்பா மட்டும், "நான் அளத்துக்குப் போறேன், ஒரு பாத்தி பாதியில நிக்குது" என்றார். உப்பு விளையும் பாத்தியில் தேங்கிய மழைத்தண்ணீரை இறைத்துவிட்டு, களிமண் தரை ஈரமாக இருக்கும்போதே காலால் மிதித்துக் கெட்டியாக்க வேண்டும். விட்டால் வெடித்துப்போகும், வெடித்த தரையில் விளைகிற உப்பு மண்ணோடு வரும். மறுநாள் மிதித்தாலும் போதும் என்று அப்பாவுக்குத் தெரியாதா? தரையை ஒரு நாள் பார்க்காமல் இருக்க அவரால் முடியாது. "சரி வாங்க, கடலுக்குக் கூட்டத்துல போய் நசுங்கறதுக்கு இதுவே மேலு" என்று மாமா சொல்ல, மொத்தக் குடும்பமும் புதுத்துணியோடு கிளம்பியது.

மிதிப்பது வரிசையாக. ஒருவர் தோள்மேல் ஒருவர் கைபோட்டு, குதிகாலை அழுத்தி, சின்னச் சின்ன அடியாக. புடவைகளையும் வேட்டிகளையும் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினார்கள். ஆரம்பத்தில் பெரியம்மா வரப்பில்தான் நின்றாள். இரண்டு நிமிடம் பொறுத்தாள்.

"டேய் செல்வம், டான்ஸா ஆடற? குதிகாலப் போடுடா! உன் கார் பெடலா அது?"

அடுத்த நொடி அவள் வரிசையின் நடுவில் இருந்தாள். நாற்பது வருடமாக அளத்தை மிதித்த கால்கள். அவள் மிதித்த இடம் மட்டும் சிமென்ட் பூசியதுபோல் மின்னியது. நான் செருப்பைக் கழற்றிப் பிடித்தபடி வரப்பில் நின்றேன். பை தோளில் இருந்தது. திறக்கவில்லை.

"இன்னாடி, எங்க உன் மிசினு?" பெரியம்மாதான்.

"வெச்சிட்டேன் பெரியம்மா."

"எடு."

"நீங்கதான் வேணாம்னு..."

"தனியா வேணாம்னேன். இங்க இத்தினி பேரு நிக்கறோம். நீயும் வா. எடுக்கறவளும் உள்ள இருந்தாதான் குடும்ப போட்டோ. நீ வெளியே நின்னு எங்களை மட்டும் எடுத்தா, அது நேத்து எடுத்த போட்டோதான்."

வரப்பில் கிடந்த கூடையைக் கவிழ்த்து அதன்மேல் கேமராவை வைத்தேன். முக்காலி வீட்டில் இருந்தது. வரிசையில் பெரியம்மா பக்கத்தில் எனக்கு இடம் விட்டார்கள். டைமர் பத்து நொடி. முதல் தடவை ஓடிப் போய் நின்றுவிட்டேன். ஆனால் பக்கத்துப் பாத்தித் தண்ணீரில் பட்டு எழும்பிய வெயிலில் ஒருவர் விடாமல் கண்ணை மூடியிருந்தார்கள். "பதினேழு பேரும் தூங்கறோம்" என்றான் செல்வம். இரண்டாம் தடவை பொத்தானை அழுத்திவிட்டு இறங்கினேன். இந்த முறை மிதிக்காத பக்கமாக இறங்கிவிட்டேன். களிமண் காலைப் பிடித்துக்கொண்டது. பிடுங்கி எடுத்து ஓடினேன். "ஏய் வுழப்போறா, புடி, புடி!" என்று பெரியம்மா கையை நீட்டினாள். நானும் நீட்டினேன். பின்னால் கிளிக் என்றது. அதற்குப் பிறகுதான் விழுந்தேன்.

கேமராத் திரையைச் சுற்றித் தலைகள் கூடின. எல்லோருக்கும் கண் திறந்திருந்தது. ஒருவரும் கேமராவைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். சித்திகூட. என் முகம் மட்டும் இல்லை. முதுகும் பின்னலும் நீட்டிய கையும்தான்.

"மொதுகக் காட்டினு நிக்குது பாரு" என்றாள் அம்மா. "இன்னொண்ணு எடு."

"வேணாம், இதே இருக்கட்டும்." பெரியம்மா கண்ணைச் சுருக்கித் திரையில் தன் முகத்தைத் தேடிப் பிடித்தாள். "நல்லாத்தான் சிரிக்கறேன். நான் போனா இதுலேருந்து வெட்டிக்கோங்க."

"வாயக் கழுவுக்கா!" என்று அம்மா அதட்டினாள்.

"உன்னை மட்டும் வெட்ட முடியாதும்மா, இவ கையும் சேந்து வருது" என்றான் செல்வம்.

பெரியம்மா சேற்றோடிருந்த என் கையைப் பார்த்தாள். "வரட்டும். சின்னவனுக்கு இவ தோளு இருக்குது. எனுக்கு கையி இருக்கட்டும்."

திரும்பி வந்த வாரத்தில் ஆன்னெகேவைக் காபிக்குக் கூப்பிட்டு மரக்காணத்துக் கல்லுப்பைக் கொடுத்தேன். பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்தவர், "நடைபாதைக்குத் தூவவா?" என்று அக்கறையாகக் கேட்டார். இப்போது என்னிடம் ஓரளவு டச்சு இருக்கிறது. சமையலுக்கு என்று சொல்லி, உப்பளத்தையும் சொன்னேன். ஒரு கல்லை எடுத்து அவரும் நாக்கில் வைத்துப் பார்த்தார். பிறகு சுவரில் மாட்டியிருந்த படத்தின் முன் போய் நின்றார்.

"இதில் நீ எங்கே?"

"அந்த முதுகு."

கொஞ்ச நேரம் பார்த்தார். "எங்கே கிளம்பிவிட்டாய்?"

"கிளம்பவில்லை. வந்துகொண்டிருக்கிறேன்."

"இங்கிருந்து பார்த்தால் நீ போவது போலத்தான் தெரிகிறது" என்றார். இந்த முறை இரண்டு பேரில் ஒருவரும் மற்றவரைத் தப்பாகப் புரிந்துகொள்ளவில்லை.

அவர் போனபின் காய்கறி வாங்கப் போய்வந்தேன். சாலையெங்கும் உப்பு. கதவருகே பூட்ஸைக் கழற்றினேன். ஓரத்தைச் சுற்றி வெள்ளையாக ஒரு கோடு படிந்திருந்தது. விரலால் தொட்டு நாக்கில் வைத்துவிட்டு நிமிர்ந்தேன். சுவரில் பதினாறு பேர் என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். பெரியம்மாவின் விரலுக்கும் என் விரலுக்கும் நடுவே ஒரு சாண் வெளிச்சம். என் ஒரு கால் பாத்திச் சேற்றில் இருக்கிறது. இன்னொன்று இன்னும் தரையைத் தொடவில்லை.