மதினியின் குழாய்த் தோட்டம்

மாமா அந்தப் பிளாஸ்டிக் குவளையைக் குழாயின் துளையிலிருந்து தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றது இன்றும் கண்ணுக்குள் இருக்கிறது. குவளையின் அடியில் வேர் தொங்கியது. நான்கு நாட்களுக்கு முன்னால் இடியாப்பம் மாதிரி வெள்ளையாக இருந்த வேர். அன்று காப்பித்தூள் நிறத்தில், தொட்டால் தோல் கழன்று கையோடு வந்தது. மாமா என்றால் என் மதினியின், அதாவது அண்ணன் மனைவியின் தகப்பனார். சுருளிப்பட்டிப் பக்கம் திராட்சைப் பந்தல் போட்டிருந்தவர். வேரைப் பார்த்தார், பிறகு மகளைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை. பார்த்திருக்க வேண்டியது என்னைத்தான்.

அப்போது எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. கம்பத்தில் அண்ணன் வீட்டிலேயே இருந்தேன். அண்ணன் லாரியோடு கொச்சிக்கும் கோயம்புத்தூருக்கும் அலைந்துகொண்டிருப்பார். நான் பள்ளியில் வேதியியல் ஆசிரியர். மண்ணே இல்லாமல் தண்ணீரில் செடி வளர்க்கலாம் என்று எங்கோ படித்துவிட்டு, தலைகால் புரியாமல் மொட்டைமாடியில் அதை அமைத்தேன். நான்கு பிவிசி குழாய்கள், அவற்றில் வரிசையாகத் துளைகள், துளைக்கு ஒரு குவளை, குவளைக்குள் தென்னை நார்க்கழிவு. கீழே ஒரு வெள்ளைப் பிளாஸ்டிக் பீப்பாய். அதில் உரம் கரைத்த தண்ணீரை ஏர்கூலர் மோட்டார் ஒன்று மேலே தள்ள, அது குழாய்களில் ஓடி மறுபடி பீப்பாய்க்கே வரும். வீட்டுக்கு வருகிறவர்களை எல்லாம் மாடிக்குக் கூட்டிப்போய் வகுப்பு எடுப்பேன். பாவம், அவர்கள் காப்பி குடிக்க வந்தவர்கள்.

அமைத்தது நான்; பார்த்துக்கொண்டது மதினி. மோட்டாரின் வாயில் இருக்கும் பஞ்சை மூன்று நாளைக்கு ஒருமுறை பிடுங்கிக் கழுவுவார். வேர் வளர்ந்து குழாய் வளைவில் அடைத்துக்கொண்டால் பழைய பல்துலக்கியை விட்டு எடுப்பார். நான் பள்ளி ஆய்வகத்திலிருந்து கொண்டுவந்த லிட்மஸ் தாளை நனைத்து நிறம் பார்ப்பதற்குள், இலையை வெயிலுக்கு எதிரே பிடித்துப் பார்த்து, "தண்ணி கடுத்துப் போச்சு தம்பி, மாத்தணும்" என்பார். அது பெரும்பாலும் சரியாக இருந்தது எனக்கு எரிச்சலாக இருக்கும். அது தினமும் மணிக்கணக்கில் மின்வெட்டு இருந்த காலம். கரண்ட் போனால் மோட்டார் நின்றுவிடும். வெயிலில் வேர் காய்ந்துவிடும். மதினி அடுப்பை அணைத்துவிட்டு மாடிக்கு ஓடி, கரண்ட் வரும் வரை குழாய் குழாயாகச் செம்பில் மொண்டு ஊற்றிக்கொண்டிருப்பார். ஒருநாள்கூடத் தவறியதில்லை. இதை இங்கே அழுத்திச் சொல்லவேண்டியிருக்கிறது.

ஏனென்றால் மதினிக்கு அது விளையாட்டு இல்லை. பாலக்கீரையும் லெட்யூஸ் என்ற சாலட் கீரையும் அந்த மார்கழிக் குளிரில் தளதளவென்று வந்தன. ஈரச்சாக்கில் சுற்றிக் குமுளிக்குக் கொண்டுபோனார். அங்கே ஒரு விடுதிச் சமையல்காரர் இலையைக் கடித்துப் பார்த்து, "கொள்ளாம் சேச்சி" என்று மலையாளத்தில் மெச்சி, வாராவாரம் கேட்டாராம். அன்று பஸ்ஸிலிருந்து இறங்கி வந்த மதினியின் நடையே வேறு மாதிரி இருந்தது. தகப்பனார் தோட்டத்தில் மோட்டார் ரூம் மாடி பெரியது, காலியாகக் கிடந்தது. அதில் இருபது குழாய் போட்டுத் தன் பெயரில் தானே ஒரு தொழில் செய்யவேண்டும் என்று ஆசைப்பட்டார். அவராக ஒன்றுக்கு ஆசைப்பட்டு நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. "ஞாயித்துக்கெழம வந்து பாக்குறேன்த்தா" என்று மாமா சொல்லியனுப்பினார்.

அந்த வாரம் பார்த்துப் பீப்பாயில் பாசி பிடித்தது. தண்ணீர் பச்சையாகிக் குழாயெல்லாம் வழவழத்தது.

"வெள்ளப் பீப்பால்ல தம்பி, வெளிச்சம் உள்ள போகுது. சாக்கச் சுத்தி விட்டாப் போதும், பாசி செத்துப் போகும்" என்றார் மதினி.

சாக்குச் சுற்றுவதற்கு எதற்கு வேதியியல் பட்டம்? எங்கள் பக்கம் திராட்சை போடுகிற வீடுகளில் மயில்துத்தம், அதாவது காப்பர் சல்பேட், சமையல் உப்பைப் போலச் சாதாரணமாகக் கிடக்கும். கொடிக்கு நோய் வந்தாலும் அதுதான், தொட்டியில் பாசி வந்தாலும் அதுதான். செம்பு செடிக்கும் வேண்டிய சத்துதானே என்று எனக்கு நானே பாடம் நடத்திக்கொண்டேன். வெள்ளிக்கிழமை காலை, மதினி கடைக்குப் போயிருந்தபோது, இரண்டு கரண்டி துத்தத்தைத் துணியில் முடிந்து பீப்பாய்க்குள் போட்டுவிட்டுப் பள்ளிக்குப் போனேன். செடிக்கு வேண்டியது துளியிலும் துளி என்பது எனக்குத் தெரியும். பையன்களுக்கு அதைக் கரும்பலகையில் எழுதிப் போட்டவனே நான்தான். பாசி செத்தது. சனிக்கிழமை மதியம் இலைகள் தொங்கின. மதினி தண்ணீரை மாற்றிப் பார்க்கலாம் என்றார். வெயிலுக்கு அப்படித்தான் இருக்கும், மாற்றவேண்டாம் என்று தடுத்தேன். தண்ணீரை மாற்றினால் முடிச்சு வெளியே வந்துவிடுமே.

ஞாயிற்றுக்கிழமை மாமா குவளையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "என்னத்தா இது, வேரு வெந்து கெடக்கு?" என்று கேட்டார்.

மதினி வாயைத் திறப்பதற்குள் நான் சொன்னேன்: "கரண்டு போனப்ப மதினி தண்ணி ஊத்த மறந்துட்டாக போல மாமா. நான் பள்ளிக்கூடத்துல இருந்தேன்."

எவ்வளவு சுலபமாக வந்தது அந்தப் பொய்! யோசிக்கக்கூட இல்லை. மதினி என்னை ஒருமுறை பார்த்தார். பெற்ற தகப்பன் முன்னால் புகுந்த வீட்டு ஆளைப் பொய்யன் என்று எங்கள் பக்கத்துப் பெண் சொல்லமாட்டாள். சொன்னால் அது இரண்டு வீட்டுப் பேச்சாகிவிடும். அந்தத் தைரியத்தில்தான் நான் சொன்னேன் என்பது எனக்கு அன்றைக்கே தெரியும்.

மாமா சத்தம் போடவில்லை. குவளையை இருந்த இடத்திலேயே வைத்தார். "வாயில்லாத சீவன்த்தா. தண்ணி வேணும்னு கூப்பிடவா செய்யும்?" என்றார். படி இறங்கும்போது, "மோட்டார் ரூம் மாடி சும்மாவே கெடக்கட்டும்" என்றார். காப்பிகூடக் குடிக்காமல் போய்விட்டார். பயிரைக் காயவிட்டவள் என்பதைவிடப் பெரிய கெட்டபெயர் அவரிடம் கிடையாது.

அன்று சாயங்காலம் மதினி பீப்பாயைக் கவிழ்த்துக் கழுவினார். நான் கீழே அறையில் விடைத்தாள் திருத்துவதுபோல் உட்கார்ந்திருந்தேன். பிறகு மாடிக்குப் போனபோது, நீலம் ஏறிய என் துணி முடிச்சு கைப்பிடிச் சுவர்மேல் காய்ந்துகொண்டிருந்தது. பீப்பாயைச் சுற்றிச் சாக்கும் கட்டியிருந்தது. மதினி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஒத்துக்கொண்டிருப்பேன் என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டேன். அதுவும் பொய்தான். அடுத்த தடவை கீரை முன்னைவிட நன்றாக வந்தது. மாமா வந்து பார்க்கவில்லை. குமுளிக்காரரும் வேறு ஆளைப் பிடித்துக்கொண்டார். மாடியில் குழாய் போட்டவர்கள் யாராவது யோசனை கேட்டால், "வெளிச்சம் படாமல் பீப்பாயை மூடுங்கள்" என்று என் சொந்தக் கண்டுபிடிப்புபோல இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

இரண்டு வருஷம் கழித்து மாமா தவறிப்போனார். காரியம் எல்லாம் முடிந்து மதினி வீட்டுக்கு வந்த மறுநாள், அடுப்படியில் பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். என்னால் அடக்கமுடியவில்லை. துத்தம் போட்டது, தண்ணீரை மாற்றவிடாமல் தடுத்தது, பழியைத் தூக்கி அவர்மேல் போட்டது எல்லாவற்றையும் வாசற்படியில் நின்றபடியே சொன்னேன். சொல்லும்போது அழுகை வந்தது. சொல்லி முடித்ததும் பாரம் குறைந்ததுபோல்கூட இருந்தது. அதை நினைத்தால்தான் இப்போது அதிகமாகக் கூசுகிறது.

மதினி பூண்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"இத எங்கிட்ட எதுக்குத் தம்பி சொல்றீக? நான் தண்ணி ஊத்துனேன்னு எனக்குத்தான் தெரியுமே. எங்கய்யாவுக்குல்ல தெரியாமப் போச்சு" என்றார்.

பூண்டை உரித்து முடித்துவிட்டு எழுந்து இலை போட்டு, சாப்பிடக் கூப்பிட்டார். நானும் போய் உட்கார்ந்து சாப்பிட்டேன்.