ரசமட்டம் குடிக்காத தண்ணீர்

டைல்ஸ் பதிக்கிறவர்கள் மத்தியில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ரசமட்டம்தான். தரை மட்டம் பார்க்கிற அந்தக் கருவிக்குள் இருக்கும் குமிழி கோட்டைத் தாண்டி ஒரு நூல் நகர்ந்தாலும், பதித்த கல்லைப் பெயர்த்துவிட்டுத்தான் மறுவேலை. "விடுங்கண்ணே, யார் கண்ணுக்குத் தெரியப்போகுது?" என்று கூட்டாளிகள் சலித்துக்கொள்வார்கள். "தண்ணிக்குத் தெரியும்டா" என்பார். தான் போட்ட குளியலறைத் தரையில் ஒரு கை தண்ணீர் தேங்கினால் அன்றைக்கு அவருக்குச் சாப்பாடு இறங்காது. அப்பேர்ப்பட்ட மனுஷன் தன் உடம்பு விஷயத்தில் கண்ணை மூடிக்கொண்டு இருந்தார் என்றால், நாம் எந்தச் சுவரில் போய் முட்டிக்கொள்வது!

இருபத்திரண்டு வருஷம் தரையில் மண்டியிட்டே பிழைத்தவர். முட்டி இரண்டும் காய்த்துப்போய், எழுந்தால் உட்கார முடியாது, உட்கார்ந்தால் எழ முடியாது. நாலு வருஷத்துக்கு முன்னால் எலும்பு டாக்டர் மாத்திரை எழுதித் தந்தார். காலையும் இரவும், சாப்பிட்ட பிறகு, ஐந்து நாள். தண்ணீர் நிறைய குடிக்க வேண்டும், வலி நிற்காவிட்டால் திரும்ப வர வேண்டும். மூன்றாம் நாளே ரசமட்டம் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். அப்புறம் எதற்கு டாக்டர்? சீட்டு கையில் இருந்தது. மருந்துக்கடைக்காரர் அதிலுள்ள தேதியைப் பார்த்ததே இல்லை. மடிப்பில் கிழிந்த சீட்டை டேப் ஒட்டி வைத்துக்கொண்டார் நம் ஆள்.

போன வருஷம் கடைவாய்ப்பல் வலித்தது. பல் டாக்டர் வேறு நிறத்தில் ஒரு வலி மாத்திரை எழுதினார். அது முட்டிக்கும் நன்றாகவே கேட்டது. பல்லைப் பிடுங்கிப் போட்ட பிறகும் பல் மாத்திரை போகவில்லை. டைல்ஸுக்கு நடுவே வைக்கிற பிளாஸ்டிக் துண்டுகள் கிடக்கும் டப்பாவில், முட்டி மாத்திரை அட்டையும் பல் மாத்திரை அட்டையும் அக்கா தங்கை மாதிரி ஒன்றாகக் கிடந்தன.

இன்னொரு கூத்தும் உண்டு. ஊரார் வீடுகளில் நூற்றுக்கணக்கான கழிப்பறைகளுக்குத் தரை போட்ட அவருக்கு, வேலை நடக்கும் இடத்தில் போக ஒரு கழிப்பறை இருக்காது. பதித்த தரை இறுகியிருக்காது, குழாய்க்கு இணைப்பு வந்திருக்காது. அதனால் காலையில் வீட்டைவிட்டுக் கிளம்பினால் சாயங்காலம் வரை பச்சைத் தண்ணீர் பல்லில் படாது. வயிறு நிறைந்தால் குனிய முடியாது என்று ஒரு டீ, ஒரு பன்னோடு சரி. "நீங்க என்ன ஒட்டகமா?" என்று மனைவி கத்திக் கத்தி ஓய்ந்துவிட்டாள்.

இப்படி இருக்கையில்தான் அவருடைய ஒரே தங்கச்சிக்கு இரண்டு சிறுநீரகமும் போயின. வாரத்துக்கு மூன்று நாள் மிஷினில் ரத்தம் சுத்தம் செய்ய வேண்டும். சிறுநீர் சரியாகப் பிரியாததால், காபி, டீ எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு நாலு சின்ன டம்ளர் தண்ணீர்தான். "என்னோடதுல ஒண்ணை எடுத்துக்கட்டும், இதுல யோசிக்க என்ன இருக்கு?" என்றார் ரசமட்டம். ரத்த வகை பொருந்தியது. தங்கச்சி மாதக்கணக்கில் மாட்டேன் என்று பிடிவாதம் பிடித்துவிட்டு, ஒருநாள் அழுதுகொண்டே சரி என்றாள். "ஆபரேஷன் முடிஞ்சதும் ஒரு ஜக் தண்ணியை மடக் மடக்னு குடிக்கணும்ணா. வேற ஆசையே இல்ல."

சோதனைகள் ஆரம்பித்தன. "வேற ஏதாவது மாத்திரை சாப்பிடறீங்களா?" என்று சிறுநீரக டாக்டரம்மா கேட்டார். "இல்லைங்க" என்றார். ரத்தப் பரிசோதனை முடிவு சரியில்லை. மறுபடி எடுத்தார்கள், அதே கதை. டாக்டரம்மா கூப்பிட்டு உட்காரவைத்து, அவருடைய சிறுநீரகமே சரியாக வேலை செய்யவில்லை என்று சொல்லி முடித்ததும், ரசமட்டம் மேஜையில் இரண்டு கையையும் ஊன்றி முனகிக்கொண்டே எழுந்தார்.

"முட்டி வலியா? இதுக்கு என்ன பண்றீங்க?"

அவர் சந்தோஷமாகவே பையிலிருந்து டப்பாவை எடுத்துத் திறந்தார். டாக்டரம்மா இரண்டு அட்டையையும் மாறி மாறிப் படித்தார்.

"மாத்திரையே இல்லைன்னு சொன்னீங்களே?"

"மாத்திரைன்னா வியாதிக்குச் சாப்பிடறதுங்க. இது வேலைக்குச் சாப்பிடறது."

அவர் பொய் சொல்லவில்லை. அதுதான் கொடுமை.

"ரெண்டும் ஒரே வகைங்க, பேரும் கலரும்தான் வேற. ஒண்ணு சாப்பிடறப்ப இன்னொண்ணைத் தொடவே கூடாது. எத்தனை நாளா?"

"நாலு வருஷமா."

"அஞ்சு நாளைக்கு எழுதினதை நாலு வருஷமா! தண்ணி குடிப்பீங்களா?"

"சாயங்காலம் வீட்டுக்குப் போய்த்தாங்க."

"தண்ணியும் இல்லாம இதைச் சாப்பிட்டா கிட்னிக்குப் போற ரத்தம் குறையும். உங்களுக்கு நல்லாவே பாதிச்சிருக்கு. இன்னையோட ரெண்டையும் நிறுத்துங்க. முட்டிக்கு வேற வழி பாப்போம். மிச்சம் இருக்கறதைக் காப்பாத்திக்கலாம்."

"நிறுத்திட்டா சரியாயிடுமில்லீங்க? ரெண்டு மாசம் கழிச்சு தங்கச்சிக்குக் கிட்னியை எடுத்துக்கலாமில்ல?"

"கொஞ்சம் தேறலாம். ஆனா உங்ககிட்டேருந்து எடுக்க மாட்டோம்."

ஆஸ்பத்திரி வாசலில் இருந்த பெஞ்சில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு தங்கச்சி வீட்டுக்குப் போய், செருப்பைக்கூடக் கழற்றாமல் கதவருகே நின்றபடி எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். டப்பாவையும் காட்டினார். வெட்கத்தில் அவளுடைய முகத்தைப் பார்க்க முடியவில்லை.

கட்டிலில் படுத்திருந்த தங்கச்சி எழுந்து உட்கார்ந்தாள். ஆத்திரமும் அழுகையும் ஒன்றாக வந்தன. "நாலு வருஷமாண்ணா! வலிக்குதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"மாத்திரை போட்டா வலியே தெரியாதும்மா. அதான் சொல்லல."

அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். சமையலறைக்குப் போய், பெரிய ஜக் நிறையத் தண்ணீரும் ஒரு டம்ளரும் கொண்டுவந்து அண்ணன் முன்னால் வைத்தாள். அவளுக்கென்று அளந்து வைத்திருந்த சின்ன டம்ளர் ஜன்னலோரம் மூடியபடி இருந்தது.

"குடி."

"தாகமா இல்லம்மா."

"எனக்கு இருக்கு. குடிண்ணா."

அவர் குடித்தார். ஏறி இறங்கும் அவருடைய தொண்டையையே பார்த்துக்கொண்டு, வெடித்துப்போன உதட்டை அவள் நாக்கால் ஈரப்படுத்திக்கொண்டாள். டம்ளர் காலியானதும் வாங்கி மறுபடி நிரப்பினாள்.