காயாத துணி

பதினோரு வயதில் நான் ஆறாம் வகுப்பு ‘அ’ பிரிவுக்கு அறிவியல் பாடம் தயாரித்துக்கொண்டிருந்தேன். நான் படித்ததும் ஆறாம் வகுப்புதான், ஆனால் ‘ஆ’ பிரிவில். ‘அ’ பிரிவின் அறிவியல் ஆசிரியர் என் அப்பா. வாரத்தில் எந்த நாள் எந்தப் பாடத்தை எப்படி நடத்தப்போகிறோம், எந்தப் பொருளைக் காட்டப்போகிறோம் என்று ஆசிரியர்கள் ஒரு பெரிய நோட்டில் முன்கூட்டியே எழுதி, திங்கட்கிழமை காலையில் தலைமை ஆசிரியரின் மேஜையில் வைக்க வேண்டும். அதற்குப் பாடக்குறிப்பு என்று பெயர். அப்பாவின் பாடக்குறிப்பை நான்தான் எழுதினேன். கூலி, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் டீயில் நனைத்துத் தின்ன இரண்டு வர்க்கி.

அப்பாவுக்கு அதில் வெட்கமே கிடையாது. “இருவது வருசமா இதே பாடத்தத்தான் நடத்தறேன். எனக்கெதுக்குத் தயாரிப்பு? கைடுல இருக்கறத அப்படியே எழுது கண்ணு. எழுத்து மட்டும் முத்து முத்தா இருக்கோணும்” என்பார். எழுத்து முத்து முத்தாகத்தான் இருந்தது. தலைமை ஆசிரியர் பச்சை மையில் கையெழுத்துப் போட்டு, மற்ற ஆசிரியர்களிடம் அந்த நோட்டைத் தூக்கிக் காட்டுவாராம். கடைசிக் கட்டத்தில் ‘விளைவு’ என்று ஒன்று உண்டு. வகுப்பு முடிந்த பிறகு, பிள்ளைகள் என்ன புரிந்துகொண்டார்கள் என்று எழுத வேண்டிய இடம் அது. அதையும் நான் ஞாயிற்றுக்கிழமையே எழுதி முடித்துவிடுவேன். நடக்காத வகுப்பில் அத்தனை பேரும் ஐயமற உணர்ந்திருப்பார்கள்.

அந்த வருடம் காலாண்டு விடுமுறை முடிந்ததும் அம்மாவின் தங்கை, என் சித்தி, எங்கள் பள்ளிக்கே தற்காலிக ஆசிரியையாக வந்தாள். குன்னூரிலேயே எங்கள் வீட்டில் தங்கிக்கொண்டு, என்னுடைய ‘ஆ’ பிரிவுக்கு அறிவியல் எடுத்தாள். பி.எட். முடித்து இரண்டு வருடம் எங்கும் வேலை கிடைக்காமல் இருந்தவள். தலைமை ஆசிரியரிடம் சொல்லி அந்த இடத்தை வாங்கிக் கொடுத்தது அப்பாதான். அதை அப்பா தினமும் ஒருமுறையாவது சொல்லிக்காட்டினார். கார்த்திகை கழிவதற்குள் கல்வி அலுவலகத்திலிருந்து அதிகாரி வந்து பார்ப்பார், அவர் நல்லபடியாக எழுதினால் வேலை நிரந்தரம் என்று பேச்சு. சித்தி அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் சாப்பிட்டாள், தூங்கினாள்.

அவள் பாடம் தயாரிக்கும் அழகே வேறு. கிழித்த நாள்காட்டித் தாள்களின் பின்பக்கத்தில் எழுதுவாள், அடிப்பாள், அம்புக்குறி போட்டு ஓரத்தில் வேறொன்றை எழுதுவாள். வகுப்பில் காட்ட வேண்டியதை முதலில் வீட்டில் செய்து பார்ப்பாள். நீர் ஆவியாதல் பாடம் வந்தபோது, கைடில் இருந்தபடி ஈரத்துணி ஒன்றை வாசல் கொடியில் போட்டாள். அரை மணி நேரத்தில் வெயிலில் துணி உலர்ந்துவிடும் என்பது கைடு. அதை எழுதியவர் ஐப்பசி மழையில் குன்னூருக்கு வந்திருக்க மாட்டார். ஞாயிற்றுக்கிழமை போட்ட கைக்குட்டை செவ்வாய்க்கிழமையும் சொட்டிக்கொண்டிருந்தது. அன்றைக்கு மழை வலுத்து, கலெக்டர் பள்ளிகளுக்கு லீவு விட்டுவிட்டார்.

புதன்கிழமை சித்தி அந்த ஈரத் துணியையே வகுப்புக்கு எடுத்து வந்தாள். அதைத் தூக்கிப் பிடித்து, “இது ஏன் காயல? கைடுல காயும்னு போட்டிருக்குது. சொல்லுங்க பாக்கலாம்” என்றாள். எங்களுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு ஆளுக்கு ஒன்றாகச் சொல்ல ஆரம்பித்தோம். அடுப்புக்கு மேலே கயிறு கட்டி யூனிஃபார்ம் காயப்போடுவதை ஒருத்தி சொன்னாள். தேயிலை ஃபேக்டரியில் வேலை செய்பவரின் மகள் எழுந்து, “எங்கப்பா ஃபேக்டரியில எலையப் பரப்பி, அடியில ஃபேன்ல காத்து விடுவாங்க டீச்சர். மழக் காலத்துலயும் வாடிரும்” என்றாள். அதுவரை அவள் வகுப்பில் வாய் திறந்து நான் பார்த்ததில்லை. சூடு, காற்று, காற்றில் ஏற்கெனவே இருக்கும் ஈரம் என்று எல்லாமே எங்கள் வாயிலிருந்தே வந்தன. பக்கத்து வகுப்பில் அப்பா ‘வெயிலில் துணி உலர்ந்தது’ என்று வாசிக்கும் குரல் சுவரைத் தாண்டிக் கேட்டது. அந்த வகுப்புக்குள்ளும் பனி மூட்டம் வந்திருக்கும்.

அதிகாரி வரும் நாள் உறுதியானது. அப்போதுதான் தலைமை ஆசிரியருக்கு, சித்தி இன்னும் பாடக்குறிப்பு நோட்டே போடவில்லை என்பது நினைவுக்கு வந்தது. வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் ஆறு வாரத்துக்கும் எழுதித் திங்கட்கிழமை காலை தன் மேஜையில் வைத்துவிட வேண்டும் என்று சொல்லிவிட்டார். அதிகாரி முன்னால் நடத்தப்போகும் பாடத்தைத் தயாரிக்கவே சித்திக்கு நேரம் போதவில்லை. நாள்காட்டித் தாள்களைத் தேதிவாரியாக அடுக்கி, நூலால் கட்டி, புது நோட்டு ஒன்றோடு என்னிடம் கொடுத்தாள்.

“இதப் பாத்து எழுதிக் குடு கண்ணு. நான் என்ன எழுதியிருக்கறனோ அதயே எழுது. ஒண்ணும் மாத்தீறாத.”

நான் கட்டைப் பிரித்தேன். ஒரு தாளில், ‘செவ்வாய் மழை லீவு. புதன் எடுத்தேன். துணி காயவில்லை. ஏன் என்று அவர்களையே கேட்டது நல்லதாகப் போயிற்று. அடுத்த முறை இதிலிருந்தே தொடங்க வேண்டும்’ என்று இருந்தது. இன்னொன்றில், ‘இன்று நான் சொன்னது பாதிப் பேருக்குப் புரியவில்லை. தப்பு என்னுடையது’ என்று இருந்தது. படிக்கப் படிக்க எனக்குக் கூச்சமாக இருந்தது. துணி காயவில்லை, பிள்ளைகளுக்குப் புரியவில்லை என்றெல்லாம் ஒரு டீச்சர் அதிகாரியிடம் எழுதிக் காட்டுவாளா? பாடக்குறிப்பு எப்படி இருக்க வேண்டும் என்று எனக்குத் தெரியாதா? அடித்தல் திருத்தல்களைப் படிக்கவும் சோம்பலாக இருந்தது, பொய் சொல்வானேன். பக்கத்தில், காலாண்டுக்குப் பிறகு புதிதாகப் போட்ட அப்பாவின் நோட்டு இருந்தது. அதே பாடங்கள், அதே வாரங்கள். ஒரு வரி விடாமல் அதைப் பார்த்து எழுதினேன். செவ்வாய்க்கிழமை மாணவர்கள் மைதானத்துக்கு அழைத்துச் செல்லப்பட்டார்கள். வெயிலில் துணி அரை மணி நேரத்தில் உலர்ந்தது. அனைவரும் ஐயமற உணர்ந்தனர். சித்திக்குப் பெரிய உபகாரம் செய்துவிட்டதாகவே நினைத்தேன்.

திங்கட்கிழமை காலை மழையில் அவசரமாகக் கிளம்பும்போது சித்தி நோட்டைப் புரட்டினாள். எழுத்தைத்தான் பார்த்திருப்பாள். “எவ்வளவு அழகா எழுதியிருக்கறே” என்று என் கன்னத்தைக் கிள்ளினாள்.

அதிகாரி கடைசி பெஞ்சில் வந்து உட்கார்ந்தார். தண்ணீரில் எது கரையும், எது கரையாது என்று அன்றைக்குப் பாடம். பத்து நிமிடத்தில் அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு, எங்களோடு சேர்ந்து டம்ளர்களை எட்டிப் பார்க்க ஆரம்பித்தார். மணி அடித்தபோது எங்களுக்கே வருத்தமாக இருந்தது. வேலை கிடைத்துவிட்டது என்று சித்தியின் முகத்தில் தெரிந்தது.

இடைவேளைக்குப் பிறகு, வகுப்புத் தலைவி என்பதால், வருகைப் பதிவேட்டை எடுத்துக்கொண்டு தலைமை ஆசிரியர் அறைக்குப் போனேன். உள்ளே அப்பா, சித்தி, தலைமை ஆசிரியர் மூவரும் நின்றுகொண்டிருந்தார்கள். அதிகாரி மட்டும் உட்கார்ந்திருந்தார். அவர் முன்னால் இரண்டு நோட்டுகள் பக்கத்தில் பக்கத்தில் திறந்து கிடந்தன.

“பாடம் நல்லாத்தாம்மா நடத்தினீங்க. நான் இல்லைங்கல. ஆனா ரெண்டு நோட்டும் ஒரே எழுத்து, ஒரே வரி. செவ்வாய்க்கிழமை ஸ்கூலே இல்ல. அன்னைக்கு எந்த மைதானத்துல, எந்த வெயில்ல துணி காஞ்சுது?”

தலைமை ஆசிரியர் மேஜையையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்பாவின் நோட்டில், அந்தச் செவ்வாய்க்கிழமைக்குக் கீழே அவருடைய பச்சைக் கையெழுத்து இருந்தது.

அப்பா தொண்டையைச் செருமினார். வலது கையை இடது கையால் தேய்த்துக்கொண்டார். “எனக்குக் கைநரம்பு இழுக்குதுங்க சார். எழுத முடியறதில்ல. இவங்க நம்ம ஊட்டுப் புள்ளதானேன்னு எழுதக் குடுத்தேன். இப்படி ரெண்டையும் ஒண்ணா எழுதி வெப்பாங்கன்னு நெனைக்கலீங்க. நம்பீட்டேன்.”

சித்தி அப்பாவைப் பார்த்தாள். பிறகு கதவோரம் பதிவேட்டைக் கட்டிப் பிடித்தபடி நின்ற என்னைப் பார்த்தாள். அவள் பார்வை என் மீது கொஞ்ச நேரம் நின்றது.

“நீங்கதான் எழுதினதா?” என்றார் அதிகாரி.

“ஆமாங்க சார். நாந்தான் எழுதினேன்.”

அதிகாரி பேனா மூடியைத் திறந்தார். தலைமை ஆசிரியர் மூச்சுவிட்டார். அப்பா வருத்தமாகத் தலையை ஆட்டிக்கொண்டார், ஏமாந்துபோனவர் மாதிரி. இன்றைக்கும் அந்தத் தலையாட்டல் நினைவுக்கு வந்தால் எனக்கு உடம்பெல்லாம் எரிகிறது.

அந்த வாரத்தோடு சித்தியை நிறுத்திவிட்டார்கள். அனுபவச் சான்றிதழும் தரவில்லை. வேறு பள்ளிகளில் கேட்டபோது இங்கே விசாரித்தார்கள். இங்கே என்ன சொல்லியிருப்பார்கள் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. இப்போது கோயம்புத்தூரில் ஒரு ஜவுளிக்கடையில் புடவை எடுத்துப் போடுகிறாள். அப்பா நல்லாசிரியர் என்று பெயர் வாங்கி, மாலை மரியாதையோடு ஓய்வு பெற்றார். விழாவில் அவருடைய பாடக்குறிப்பு நோட்டுகளைக் கண்காட்சியாக வைத்திருந்தார்கள். அதில் நான்கு வருடங்களின் எழுத்து என்னுடையது. நான் போய்ப் பார்க்கவில்லை.

ஊருக்குக் கிளம்பும்போது சித்தி என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். “துணி காஞ்சுதுன்னு ஏங் கண்ணு எழுதுன?” காயவில்லை என்று எழுதினால் உங்களுக்குக் கெட்ட பெயர் வரும் என்றேன். அவள் பையை மூடினாள். என் பதில் அவளுக்குச் சரியென்று பட்டதாக நினைத்துக்கொண்டேன்.

அதிகாரி வந்த அன்று சாயங்காலம் அப்பா என்னைக் கூட்டிக்கொண்டு நடந்தே வந்தார். சித்தி எங்களுக்கு முன்னாலேயே தனியாகப் போயிருந்தாள். வழியில் அப்பா குரலைத் தாழ்த்தி, “நீ எழுதினதுன்னு தெரிஞ்சிருந்தா உன்ன ஸ்கூல உட்டே அனுப்பியிருப்பாங்க. அப்பா இருந்ததால தப்பிச்சே. யாருகிட்டயும் மூச்சு உடாத” என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. என்னைக் காப்பாற்றிய அந்தக் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, வீடு வரும்வரை விடாமல் நடந்தேன்.