கடல்நாய்க்கு நான் வழக்காடிய கதை

சனிக்கிழமை என்றால் எங்கள் வீட்டில் மீன்தலைக் கறிதான். ஒஸ்லோ நகரமண்டபத்துக்கு முன்னாலுள்ள துறையில் ஒரு மீனவர் படகைக் கட்டி, அதில் நின்றபடியே மீன் விற்பார். இந்த ஊர்ச் சனம் முள்ளில்லாத சதையை மட்டும் வாங்கிக்கொண்டு போய்விடும். தலையை ஏறெடுத்தும் பார்க்காது. அம்மாவுக்கோ தலையில்லாத மீன் மீனே அல்ல. அவர் படகோரம் போய் நின்றாலே போதும். மீனவர் எதுவும் கேட்காமல் ஒரு பெட்டிக்குள் கையை விட்டு இரண்டு மூன்று தொர்ஷ்க் தலைகளைப் பையில் போட்டு நீட்டுவார். தொர்ஷ்க் என்பது இங்கே எல்லோரும் கொண்டாடுகிற பெரிய மீன். வெளியுலகம் அதைக் கொட் என்கிறது. அந்தப் பையை இன்னும் இரண்டு பைகளுக்குள் போட்டு இறுக்கிக் கட்டி, டி-பாணா என்கிற சுரங்க ரயிலில் யாருக்கும் மணக்காதபடி மடியில் வைத்துக்கொண்டு எங்கள் வீடிருந்த அம்மருட் வரைக்கும் வருவோம்.

மீனவர்மேல் அம்மாவுக்கு ஒரேயொரு மனக்குறை இருந்தது. சில தலைகள் ஒழுங்காக வெட்டுப்பட்டிருக்கும். பல தலைகளின் கழுத்து நார்நாராகத் தொங்கும்.

"கத்தி தீட்டத் தெரியாத மனிசன். பாருங்கோ, வெட்டினமாதிரியே கிடக்கு? பிய்ச்செடுத்தமாதிரி எல்லோ கிடக்கு."

அப்பா பஸ் ஓட்டிவிட்டு வந்த களைப்பில் இருப்பார். "தானம் குடுத்த மாட்டைப் பல்லைப் பிடிச்சுப் பாக்கிற ஆள் நீர்தான்" என்பார். பிறகு நல்ல தலையாகப் பார்த்துத் தன் கோப்பைக்கு எடுத்துக்கொள்வார்.

எனக்கு வேண்டியது தலைக்குள் இருந்த கல். மீனின் மூளைக்கு இரண்டு பக்கமும் வெள்ளையாக ஒவ்வொரு கல் இருக்கும். அதைச் சூப்பி, கழுவி, துடைத்து, ஒரு பழைய மிட்டாய் டப்பாவில் சேர்த்துவந்தேன். தொர்ஷ்க்கின் கல் என் நகமளவு. அகன்று, ஓரமெல்லாம் நெளிநெளியாக இருக்கும். எப்போதாவது மீனவர் சேர்த்துப் போடும் சிறு மீன்களின் கற்கள் ஒல்லியாக, கூராக இருக்கும். கண்ணை மூடிக்கொண்டு தடவியே எது எந்த மீன் என்று சொல்லிவிடுவேன். அதைக் கேட்கத்தான் ஆள் இல்லை.

ஆள் இல்லாமல் போனதற்கும் அந்தத் தலைதான் காரணம். என் பத்தாவது பிறந்தநாளுக்கு அடுத்த மாடியில் இருந்த என் ஒரே சிநேகிதி வந்திருந்தாள். அது சனிக்கிழமை என்பதை நான் யோசிக்கவில்லை. கேக் வெட்டுவதற்கு முன் அவள் தண்ணீர் குடிக்கக் குசினிக்குள் போனாள். அம்மா அந்த நேரம் பார்த்துச் சட்டி மூடியைத் திறந்தார். குழம்புக்குள்ளிருந்து ஒரு தொர்ஷ்க் அவளை நேருக்கு நேர் பார்த்தது. அவள் கத்தவில்லை. மரியாதையாகச் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டாள். திங்கட்கிழமை முழு வகுப்புக்கும் தெரிந்துவிட்டது. அதற்குப் பிறகு என் பக்கத்துக் கதிரை வெறுமையாகவே கிடந்தது. இடைவேளைகளில் நான் பள்ளிக்கூட வாசற்கதவை எண்ணெய் போடாத பிணைச்சல் கத்தக் கத்தத் திறந்து மூடிக்கொண்டு நின்றேன்.

அந்த வசந்தத்தில்தான் வகுப்பாசிரியை ஒரு வழக்கு விசாரணை நடத்தினார். குற்றவாளி: கடல்நாய். குற்றம்: மீனவர்களின் தொர்ஷ்க்கைத் தின்று தீர்ப்பது. வகுப்பை இரண்டாகப் பிரித்தார். கோடையெல்லாம் தாத்தாவின் தீவில் கழிக்கும் ஒரு பையன் மீனவர் பக்கத்துக்குத் தலைவன். என் சிநேகிதியும் அவன் பக்கம். யாரும் கூப்பிடாததால் நான் கடல்நாயின் பக்கம் ஒதுங்கினேன்.

சாட்சிக்கு ஓர் ஆராய்ச்சிக்கார அம்மையாரும் வந்தார். அவர் கொண்டுவந்தது கடல்நாயின் எச்சம். கிருமி நீக்கியதுதான் என்றாலும் வகுப்பில் பாதிப்பேர் மூக்கைப் பொத்திக்கொண்டு யன்னலடிக்கு ஓடினார்கள். அதை அரிதட்டில் போட்டுக் கழுவினால், தின்ற மீன்களின் தலைக்கற்கள் மிஞ்சும்; கல்லைப் பார்த்து மீனைக் கண்டுபிடிக்கலாம் என்றார். இந்த உலகத்தில் அந்தக் கற்களைச் சேர்க்கிற இன்னொரு ஆளும் இருக்கிறாரே.

சோற்றுப்பருக்கை அளவில் நிறையக் கற்கள் கிடைத்தன. படம் போட்ட அட்டையும் தந்தார்கள். அந்த அட்டையில் எல்லாக் கல்லையும் ஒரே அளவில் பெரிதாகக் கீறியிருந்ததுதான் வில்லங்கம். தீவுப் பையன் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்து, எல்லாம் தொர்ஷ்க் என்று எழுதினான். மற்றவர்களும் அதையே எழுதினார்கள். நான் பார்த்த மாத்திரத்திலேயே அது பிழை என்று எனக்குத் தெரிந்தது. ஆனால் எப்படித் தெரியும் என்று கேட்பார்களே. வாயைத் திறந்தால் சட்டியையும் திறக்கவேண்டும். பேசாமல் இருந்தேன். தீர்ப்பு மறுநாள் என்றார் ஆசிரியை.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் அழுதுகொண்டு சொன்னேன். அம்மா வெங்காயம் வெட்டுவதை நிறுத்தாமலே கேட்டார்.

"தின்னுறதுக்கு வெக்கமில்லை, சொல்லுறதுக்கு வெக்கமோ? கொண்டுபோய்க் காட்டு பிள்ளை."

மறுநாள் டப்பாவோடு போனேன். தீவுப் பையன் தன் வாதத்தை முடித்ததும் எழுந்து, ஆசிரியையின் மேசையில் டப்பாவைக் கவிழ்த்தேன். கற்கள் கலகலவென்று கொட்டின. ஒரு வருடச் சனிக்கிழமைகள் அத்தனையும் அங்கே கிடந்தன. என் நகமளவுக் கல்லை எடுத்து, எச்சத்தில் வந்த பருக்கைக்குப் பக்கத்தில் வைத்தேன். இதுதான் தொர்ஷ்க் என்றேன். அது குட்டி தொர்ஷ்க் என்றான் அவன். குட்டிக்கும் ஓரம் நெளியும், இது நெளியவில்லை, தடவிப் பார் என்றேன். இதெல்லாம் உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டான்.

"நாங்கள் தலை தின்னுகிறவர்கள்" என்றேன். தீர்ப்பைக் கேட்க வந்திருந்த ஆராய்ச்சிக்கார அம்மையார் கதிரையை இழுத்து என் பக்கத்தில் போட்டுக்கொண்டு, உருப்பெருக்கிக் கண்ணாடியால் ஒவ்வொன்றாகப் பார்த்தார். இரண்டே இரண்டு கல்தான் தொர்ஷ்க். மிச்சமெல்லாம் யாரும் விலைக்கு வாங்காத குறுமீன்கள். பிள்ளை சொன்னது சரி என்றார். பிறகு தலையைப்பற்றி ஏதோ 'ஆனால்' என்று தொடங்கினார். என் பக்கத்துப் பிள்ளைகள் மேசையில் தட்டிய சத்தத்தில் அது எனக்குக் கேட்கவில்லை. கேட்க நான் முயலவுமில்லை. வாழ்க்கையில் முதல்தடவையாக நான் வென்றிருந்தேன். உடம்பு முழுக்கச் சந்தோசம்.

அடுத்த சனிக்கிழமை சிநேகிதி கதவைத் தட்டினாள். அந்தக் கல் எங்கே இருக்கும் என்று பார்க்கவேண்டுமாம். அம்மா பெரிய தலையாகப் பார்த்து வைத்தார். அவள் கல்லை எடுத்ததோடு நிற்கவில்லை; கன்னச்சதையையும் தின்று, மூக்கொழுக ஒழுக இன்னும் கொஞ்சம் கேட்டாள். அப்பா அன்று முதல் என்னை அப்புக்காத்து என்றே கூப்பிட்டார். யாழ்ப்பாணத்தில் பெரிய வழக்கறிஞரை அப்படித்தான் சொல்வார்கள்.

துறையில் மீனவரிடமும் என் வெற்றியைப் பெருமையாகச் சொன்னேன். கடல்நாய் உங்கள் தொர்ஷ்க்கைத் தின்பதில்லை, வகுப்பில் நிரூபித்துவிட்டேன் என்றேன். அவர் என்னை ஒரு கணம் பார்த்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்து, அன்றைக்கு ஒரு தலை கூடுதலாகப் போட்டார். தோற்றவர் பெருந்தன்மையாக நடந்துகொள்கிறார் என்று நினைத்தேன்.

எத்தனையோ வருடங்களுக்குப் பிறகு, போன கோடையில், வேலையிடத்து நண்பர் ஒருவரோடு ஒஸ்லோவுக்குத் தெற்கே அவருடைய குடும்பத்து மீன்பிடிப் படகில் போயிருந்தேன். அவருடைய அப்பா வலையை இழுத்தார். முதலில் வந்தது ஒரு தொர்ஷ்க் தலை. தலை மட்டும். உடம்பில்லை. கழுத்து நார்நாராகத் தொங்கியது. கடல்நாயின் வேலை என்றார் அவர். பெரிய மீன் என்றால் அது சதையைத் தின்றுவிட்டுத் தலையை வலையிலேயே விட்டுவிடுமாம். தலையைத் தின்னாவிட்டால் எச்சத்தில் கல் எப்படி வரும்?

அந்தத் தலையைக் கையில் வாங்கி, அம்மா குறைசொன்ன அதே நார்நாரான கழுத்தைத் தடவிப் பார்த்தேன். தலையைத் தின்னாமல் விடுகிற ஒரு பிராணி உலகத்தில் இருக்கும் என்று எங்கள் வீட்டில் பிறந்த பிள்ளைக்கு எப்படித் தோன்றும்? எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்று சொன்னவனுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்? ஆசிரியையின் மேசையில் நான் கொட்டியதில் பாதி, கடல்நாய் தின்ற தொர்ஷ்க்குகளின் கற்கள். அது உடம்பைத் தின்றது, நாங்கள் தலையைத் தின்றோம். ஒரு வருடம் ஒரே மீனைப் பங்குபோட்டுத் தின்றுவிட்டுத்தான் அதற்காக வழக்காடப் போயிருக்கிறேன். வென்றும் இருக்கிறேன்.

படகிலிருந்தே அம்மாவுக்குப் போன் எடுத்துச் சொன்னேன்.

"அப்ப அந்த மனிசன்ரை கத்தியிலை பிழையில்லையோ? பாவம், எத்தினை வருசமாய்த் திட்டிப்போட்டன்." பிறகு குரல் மாறியது. "அது சரி, இப்ப வந்த தலையை என்ன செய்தனீ? கடல்லை எறிஞ்சு போடேல்லையே?"

"இல்லையம்மா," என்றேன். "மூண்டு பையுக்குள்ளை போட்டு இறுக்கிக் கட்டி வைச்சிருக்கிறன்."