நான் கூப்பிட்ட பிள்ளையள்

பள்ளி விடுமுறையில் ஒரு நாள் வேலையாட்கள் தங்கள் பிள்ளைகளைக் கூட்டி வரலாம் என்று எங்கள் அரிசி ஆலை நடத்துகிற அம்மா சொன்னார். பெடியன், பெட்டை என்று பாராமல் எல்லா வேலையையும் அவர்களுக்குக் காட்டவேண்டுமாம். ஆலைக் குசினியில் தேத்தண்ணியும் சோறும் என் பொறுப்பு. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவள் நான். வாய்க்கு மட்டும் குறைவில்லை. புருஷன் போன பிறகு தனியாக வயல் செய்தவளுக்குச் சமத்துவத்தை ஆர் படிப்பிக்கிறது என்று நெஞ்சை நிமிர்த்திக் கேட்டேன்.

பிள்ளைகள் வந்தார்கள். மூடை தூக்குகிற ஒருவரின் மகளுக்கு ஒரே ஆசை: பச்சைப் பொத்தானை அழுத்தி நெல்லுக் குத்தும் மெசினை ஓடவிடவேண்டும். மெசின்காரர் காலையில் ஒருமுறை, மத்தியானம் ஒருமுறைதான் அதை ஓடவிடுவார். வரிசையில் முன்னுக்கு நிற்கிறவருக்கு அந்த வாய்ப்பு. அவள் முதல் ஆளாகப் போய் நின்றாள்.

அந்த நேரம் பார்த்து நான் குசினியிலிருந்து, தேத்தண்ணி கொடுக்கவேண்டும், பிள்ளையள் ஓடி வாங்கோ என்று கூப்பிட்டேன். எல்லாரையும்தான் கூப்பிட்டதாக நினைப்பு. வந்தது பெட்டைகள் மட்டும். மெசின் இரைந்தபோது அவள் கையில் என் தேத்தண்ணித் தட்டு. பொத்தானை அழுத்தியது அவளுக்குப் பின்னால் நின்ற பெடியன்.

எங்கள் பக்கத்தில் பெண்பிள்ளையைத்தான் ‘பிள்ளை’ என்று கூப்பிடுவோம். பெடியன் என்றால் ‘தம்பி’. அறுபது வருடத்துக்கு மேலாக இந்தத் தமிழைப் பேசுகிறவளுக்கு அது உறைக்கவில்லை. பெடியங்களுக்குப் பொறுப்பில்லை என்று அம்மாவிடம் முறைப்பாடு வேறு வைத்தேன்.

மத்தியானம் அவள் சோற்றை அள்ளி விழுங்கிவிட்டு மறுபடியும் போய் முன்னுக்கு நின்றாள். எனக்குக் கோப்பை கழுவ ஆள் வேண்டும். வாய் சும்மா கிடக்குமா?

“பிள்ளை, இங்கை ஒருக்கா வா.”

அவள் அசையவில்லை. இன்னும் உரத்துக் கூப்பிட்டேன். திரும்பினாள். கண் கலங்கியிருந்தது.

“ஆச்சி, நான் இண்டைக்குப் பிள்ளை இல்லை.”

மூடைகளின் மேல் குந்தியிருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். அம்மா சிரிக்காமல் என்னைப் பார்த்துக் கேட்டார்.

“அப்ப ஆரைக் கூப்பிடப் போறியள், ஆச்சி?”

தம்பி என்ற சொல்லுக்குப் பின்னால் ‘சாப்பிட வாங்கோ’ என்றுதான் என் நாக்குக்கு வரும். வேறு எதையும் அது பழகவில்லை. நிமிர்த்திய நெஞ்சைக் கொஞ்சம் இறக்கிக்கொண்டு, “தம்பி, வந்து இந்தக் கோப்பையளைக் கழுவு ராசா” என்றேன்.

காலையில் பொத்தான் அழுத்திய பெடியனே வந்தான். சவர்க்காரத்தைக் கையில் வைத்துக்கொண்டு, இதை எங்கே பூசுகிறது என்று கேட்டான். காட்டினேன். முதல் கோப்பையே வழுக்கி விழுந்து உடைந்தது. என் வாய் திறந்தது. நான் என்ன சொன்னேன் என்பது அவனுக்குக் கேட்கவில்லை. அங்கே அவள் மெசினை ஓடவிட்டிருந்தாள்.