தனபாக்கியத்தின் செக் திரும்பிய கதை

1. கவுன்டரில்

பெரம்பலூரில் ஒரு தனியார் வங்கிக் கிளையில் நான் கிளார்க்காக இருந்தேன். கிளைக்குக் கம்ப்யூட்டர் வந்த புதிது. அதற்கு முன்பெல்லாம் தவறு நடந்தால் எங்களில் யாராவது ஒருவர் மாட்டுவோம். கம்ப்யூட்டர் வந்தபின் எல்லாப் பழியையும் 'சிஸ்டம்' ஏற்றுக்கொண்டது. சிஸ்டத்துக்கு யாரும் மெமோ கொடுக்க முடியாது.

ஒரு திங்கட்கிழமை காலை செட்டிகுளத்திலிருந்து தனபாக்கியம் வந்தார். சின்ன வெங்காயம் சாகுபடி செய்பவர். கணவர் வளைகுடாவில் டிரைவர். நிலம், ஆள், வரவு செலவு எல்லாம் இவர் பொறுப்பு.

"சார், ரெங்கசாமி அண்ணனுக்குக் குடுத்த செக்கு திரும்பிடுச்சாம். பணத்தப் போட்டுட்டுத்தான செக்கே குடுத்தேன்."

ரெங்கசாமி சிறுவாச்சூரில் விதை வெங்காயம் விற்பவர். தனபாக்கியத்தின் கணக்கைத் திறந்து பார்த்தேன். அவர் சொன்னது சரிதான். பணம் இருந்தது. ஆனால் செக் வருவதற்கு முன்பு நாங்கள் போய் எடுத்துவிட்டோம். குறைந்தபட்ச இருப்பு வைக்காததற்கு ஒரு கட்டணம். அதைத் தெரிவிக்கக் கடிதம் அனுப்பியதற்கு ஒரு கட்டணம். அதனால் பணம் போதாமல் செக் திரும்பியதற்கு இன்னொரு கட்டணம். கடிதம் அவருக்குப் போய்ச் சேரவில்லை. கட்டணம் மட்டும் எங்களுக்கு வந்து சேர்ந்திருந்தது.

"சிஸ்டம் எடுத்துருக்குங்கம்மா," என்றேன்.

"சிஸ்டத்துக்கு மேல யாரு சார்?"

மேனேஜர் வரதராஜனின் அறையைக் காட்டினேன். நானும் கூடப் போனேன்.

"மினிமம் பேலன்ஸ் ஆயிரம்னு மாத்தி ரொம்ப நாளாச்சும்மா. போர்டுல போட்டிருக்கோம்," என்றார் அவர்.

"பணம் கூடப் பெருசில்லீங்க. செக்கு திரும்புன ஆளுக்குக் கடன் கெடையாது, ரொக்கத்தோட வாங்கன்னு சொல்றாரு அவரு. அதையும் கடையில நாலு பேரு இருக்கறப்ப சொல்றாரு. ஈரம் காயறதுக்குள்ள நான் நடணும். தப்பு பேங்க் மேலதான்னு ஒரு லெட்டர் குடுங்க. அது போதும்."

மேனேஜர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "பணம்னாக் கூட யோசிக்கலாம். லெட்டரெல்லாம் ஹெட் ஆபீஸ்தான் முடிவு பண்ணணும்."

2. கடிதங்கள்

தனபாக்கியம் பத்தாவது படித்தவர். எழுத்து முத்து முத்தாக இருக்கும். அவர் தமிழில் எழுதித் தருவார். எங்கள் ஹெட் ஆபீஸ் வேறு மாநிலத்தில் இருந்ததால் நான் இங்கிலீஷில் மாற்றுவேன். மேனேஜர் அதைத் திருத்துவார். 'என் பெயரைக் கெடுத்துவிட்டீர்கள், பதில் சொல்லுங்கள்' என்று தனபாக்கியம் எழுதியது, 'வாடிக்கையாளர் சில விளக்கங்களைக் கோருகிறார்' என்று ஆகிப் புறப்பட்டுப் போயிற்று.

பதில் வந்தது. தனபாக்கியத்தை ஐயா என்று அழைத்து, அவருடனான உறவை வங்கி பெரிதும் மதிப்பதாகச் சொன்னது. அடுத்த கடிதத்துக்கும் அதே பதில். இரண்டையும் தமிழில் படித்துக் காட்டும் வேலை எனக்கு.

"எம்மேல இவ்வளவு மதிப்பு வச்சிருக்கறவங்க, பணத்த எடுக்கறப்ப ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்," என்றார்.

இதற்கிடையில் காதுத் தோட்டை அடகு வைத்து விதை வாங்கினார். அது பாதி நிலத்துக்குத்தான் வந்தது. மீதி சும்மா கிடந்தது. அந்தக் காலாண்டு முடிந்ததும் சிஸ்டம் மறுபடியும் விழித்துக்கொண்டது. கணக்கில் இருப்பு குறைவு என்று கட்டணம் பிடித்தது. பிடிக்க அங்கே பணமே இல்லை. ஆகவே அவர் வங்கிக்குக் கடன்பட்டவர் என்று எழுதிக்கொண்டது. பாக்கியைக் கட்டச் சொல்லி ஹெட் ஆபீஸிலிருந்து ஒரு நோட்டீஸ் போயிற்று. இந்த முறை விலாசம் சரியாக இருந்தது.

அந்த நோட்டீஸோடுதான் அவர் மாவட்ட நுகர்வோர் மன்றத்தில் மனுப் போட்டார். வக்கீல் வைத்துக்கொள்ளவில்லை.

3. மன்றத்தில்

எங்கள் பக்கம் திருச்சியிலிருந்து வக்கீல் வந்தார். கூட மேனேஜரும் நானும் போனோம். பிடித்த தொகையைவிட வக்கீலின் கார் வாடகை அதிகம்.

"இந்த அம்மா வெங்காய வியாபாரி. வியாபாரம் பண்றவங்க நுகர்வோரே கிடையாது," என்று வக்கீல் ஆரம்பித்தார்.

"வெளைய வச்சு விக்கிறேனுங்க. என்னோடது சேமிப்புக் கணக்கு. சேமிச்சத எடுத்தது அவங்க," என்றார் தனபாக்கியம்.

மன்றத் தலைவர் கோப்பிலிருந்து நிமிர்ந்தார். "ரூல் மாத்துனத இவங்களுக்கு எப்படித் தெரியப்படுத்துனீங்க?"

"நோட்டீஸ் போர்டுல ஒட்டியிருக்கு," என்றார் வக்கீல்.

"போர்டு எங்க இருக்கு?"

வக்கீல் மேனேஜரைப் பார்த்தார். மேனேஜர் என்னைப் பார்த்தார். ஹாலில் பெயின்ட் அடித்தபோது கழற்றிய போர்டு, திரும்ப மாட்டப்படாமல் எங்கே இருக்கிறது என்று எங்கள் மூவரில் இருவருக்குத் தெரியும். எனக்கு அரியலூருக்கு டிரான்ஸ்ஃபர் கேட்ட மனு அப்போது மேனேஜர் மேசையில் இருந்தது. தலைவர் என்னிடமே கேட்டார்.

"மேனேஜர் ரூம்ல இருக்குங்க சார்," என்றேன்.

"அந்த ரூமுக்குள்ள யார் வேணும்னாலும் போலாமா?"

"கூப்பிட்டாப் போலாங்க சார்."

"இவங்களக் கூப்பிட்டீங்களா?"

"இல்லீங்க சார்."

பக்கத்திலிருந்த பெண் உறுப்பினர் குனிந்து எதையோ எழுத ஆரம்பித்தார். அவர் சிரித்ததை நான் பார்த்தேன்.

4. தீர்ப்புக்குப் பிறகு

பிடித்த கட்டணம் முழுவதையும் திருப்பித் தர வேண்டும், நஷ்ட ஈடு தர வேண்டும், செக் திரும்பியது வங்கியின் தவறு என்று எழுதித் தர வேண்டும். இதுதான் உத்தரவு. ஹெட் ஆபீஸ் பணத்துக்கு உடனே சம்மதித்தது. கடிதத்துக்கு மட்டும் ஒரு வாசகம் அனுப்பியது: 'தவிர்க்க முடியாத சூழ்நிலையில் காசோலை திரும்ப நேரிட்டது.'

தனபாக்கியம் அதை வாங்க மறுத்தார். "இத ரெங்கசாமி அண்ணங்கிட்டக் கொண்டுபோய்க் குடுத்தா, சூழ்நிலைன்னா உங்கிட்டப் பணம் இல்லன்னுதான அர்த்தம்னு கேப்பாரு."

உத்தரவை நிறைவேற்றாவிட்டால் மறுபடி மன்றத்துக்கு வர வேண்டியிருக்கும் என்று வக்கீலே போனில் எச்சரித்த பிறகு, மேனேஜர் தமிழிலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். 'தவறு வங்கியுடையது, வாடிக்கையாளர் மேல் குறை எதுவும் இல்லை.' அதைப் படித்துவிட்டு ரெங்கசாமி தன் கடைச் சுவரில் ஒட்டி வைத்தாராம். தனபாக்கியத்துக்கு அடுத்த நடவுக்கு விதையைக் கடனாகவே கொடுத்தார்.

பணம் வாங்க வந்தபோது மேனேஜர் செக்கை நீட்டினார். தனபாக்கியம் அதை வாங்கவில்லை.

"கோவிச்சுக்காதீங்க சார். இந்த பேங்க் செக்கு திரும்பும்னு எனக்குத் தெரியும். டிராஃப்டாக் குடுங்க."

டிராஃப்ட் எடுக்கப் போனால், கமிஷன் கட்டாமல் சிஸ்டம் விடவில்லை. உத்தரவில் கமிஷனைப் பற்றி ஒன்றும் இல்லை. அவரிடம் கேட்கவும் முடியாது. மேனேஜர் சட்டைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். நான் ரசீது போட்டேன்.

டிரான்ஸ்ஃபர் எனக்குக் கிடைக்கவில்லை. ஆனால் டிராஃப்ட் கொடுத்த மறுநாளே அந்த போர்டைத் தூக்கி வந்து ஹாலில் நானே மாட்டினேன். புதிதாக வேலைக்குச் சேருபவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். ஒருவர் கணக்கில் கை வைக்கும் முன் அவர் முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். அதற்கு இன்னும் யாரும் கட்டணம் வைக்கவில்லை.