அளவுத் தாளின் நடுவில் நான்

1994ஆம் வருடம், ஆடி மாதம். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியின் அலுவலகத்தில் நான் வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. எங்கள் ஊர் காங்கேயத்துக்குப் பக்கம். காலையில் முதல் பஸ்ஸை விட்டு இரண்டாவது பஸ்ஸைப் பிடித்தால்கூட ஒன்பதுக்கு முன்னால் கம்பெனி வாசலில் இருக்கலாம்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அதற்கும் மேலே போய், கோயமுத்தூரில் விடுதியில் தங்கி பி.காம். முடித்தவள். அம்மாவும் அப்பாவும் தேங்காய்க் களத்தில் கொப்பரைப் பருப்பு காயப்போடும் வேலை செய்பவர்கள். கையெழுத்து போட வேண்டிய இடத்தில் விரல் வைப்பவர்கள். அதனால் எனக்கென்று ஒரு மேசை, ஒரு டைப்ரைட்டர், பக்கத்தில் ஒரு ஃபேக்ஸ் மெஷின் என்று கிடைத்ததில் எனக்குத் தலைகொள்ளாத பெருமை. வெளிநாட்டிலிருந்து வரும் ஃபேக்ஸை அந்தக் கட்டடத்தில் முழுசாகப் படித்துச் சொல்லக்கூடியவள் நான் ஒருத்திதான்.

பெருமைப்பட முடியாத விஷயமும் ஒன்று இருந்தது. நான் குண்டு. இப்போது சாதாரணமாக எழுதிவிட்டேன். அப்போது அந்தச் சொல்லை என் வாயால் நான் சொன்னதே இல்லை.

கல்லூரியில் படிக்கும்போது தோழிகள் ஒப்பணக்கார வீதிக்கு ரெடிமேட் சுடிதார் எடுக்கப் போவார்கள். நான் அவர்களுடைய பைகளைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். ஒருமுறை நானும் ஒன்று கேட்டேன். கடைக்காரர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "உங்களுக்குச் சேலைதானுங்க நல்லா வரும், மாடிக்குப் போங்க" என்றார். எவ்வளவு மரியாதையாகச் சொன்னார் என்பதுதான் இன்னும் நினைவிருக்கிறது. அந்த 'ங்க' இல்லாமல் சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன்.

ஊரில் இருந்த டெய்லருக்கு என்னை அளவெடுக்கக் கூச்சம். "அப்பா சட்டை ஒண்ணு கொண்டாந்து குடு அம்மிணி, அதுல இருந்து எடுத்துக்கறேன்" என்பார். அப்பாவின் சட்டை அளவில் தைத்த சுடிதார் வயிற்றில் சரியாக இருக்கும். தோள் மட்டும் இரண்டு பக்கமும் சரிந்து முழங்கைக்குக் கிளம்பும். உள்ளே இரண்டு ஊக்கு குத்திக்கொள்வேன். நிறம் பழுப்பு, கருநீலம், கறுப்பு, இந்த மூன்றுக்குள்தான். பூப்போட்டது கூடாது, கோடு போட்டது கூடாது. துப்பட்டாவைப் போர்வை மாதிரி விரித்து, அதற்கு வேறு இரண்டு ஊக்கு. வெயிலிலும் மழையிலும் இதுதான் என் சீருடை.

அந்த ஆடியில் வந்தது ஒரு புதிய ஆர்டர். பெண்களுக்கான முழங்கால் வரை நீண்ட மேலாடை, பெரிய அளவுகளில் மட்டும். ஐந்து அளவு. ஆர்டரோடு ஒரு புத்தகத்திலிருந்து வெட்டிய படமும் தபாலில் வந்திருந்தது. என்னைவிடப் பருத்த ஒரு பெண் மாம்பழ மஞ்சளில் மேலாடை போட்டு, இடுப்பில் கை வைத்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். ஒளிந்துகொள்கிற சிரிப்பு இல்லை. படத்தை ஃபைலில் வைத்தேன். அன்றைக்கு மட்டும் ஏழெட்டு முறை அந்த ஃபைலைத் திறந்திருப்பேன்.

அளவுத் தாளை நான்தான் டைப் அடித்தேன். மார்பு, இடுப்பு, நீளம் மூன்றையும் அவர்கள் கொடுத்திருந்தார்கள். தோளையும், கை பொருத்தும் வளைவான கைக்குழியையும் நாங்களே முடிவு செய்து ஒரு சாம்பிள் தைத்து அனுப்ப வேண்டும். அடித்து முடித்ததும் மேசையில் கிடந்த இஞ்ச் டேப்பைத் துப்பட்டாவுக்குள் சுருட்டிக்கொண்டு பாத்ரூமுக்குப் போனேன். அளந்து பார்த்தேன். ஐந்தில் மூன்றாவது அளவு. எனக்குக் கீழே இரண்டு, எனக்கு மேலே இரண்டு. எந்தக் கடையின் எந்த வரிசையிலும் இடமில்லாதவள் ஒரு தாளின் நட்டநடுவில் இருந்தேன். சந்தோஷப்படத் தெரியாமல் டேப்பைக் கொண்டுவந்து இருந்த இடத்தில் வைத்தேன்.

சாம்பிளை எப்போதும் நடு அளவில்தான் தைப்பார்கள். அதைப் போட்டுப் பார்க்க எங்களிடம் இருந்தது ஒரே ஒரு பொம்மை, ஒல்லியானது. கட்டிங் மாஸ்டர் அதன்மேல் பனியன் வேஸ்ட்டை, வெட்டி மிஞ்சிய துண்டுத் துணிகளை, சுற்றிச் சுற்றி நூலால் கட்டித் தேவையான சுற்றளவுக்குக் கொண்டுவந்தார். தைத்ததைச் சரிபார்க்கும் செக்கிங் பெண்கள் அதற்குப் பெரியம்மா என்று பெயர் வைத்தார்கள். காலையில் வந்ததும், "பெரியம்மா சாப்டாச்சுங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் உட்காருவார்கள். நானும் சிரிப்பேன். எனக்கு அது அவ்வளவாகச் சிரிப்பாக இல்லை.

சாம்பிள் தைக்கிற அக்காவுக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். பள்ளிக்கூடம் பக்கமே போகாதவர். கண்ணாலேயே அளவெடுத்துவிடுவார். முதல் சாம்பிளைத் தைத்துப் பெரியம்மாவுக்கு மாட்டியவர், ஏதோ சரியில்லை என்று தலையைச் சாய்த்துப் பார்த்தார். பிறகு யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து என் மேசைக்கு வந்தார்.

"ஏனுங் அம்மிணி, தப்பா நெனைக்காதீங்க. இது உங்க அளவாட்டந்தான் தெரியுது. சித்த நேரம் உள்ள வந்து போட்டுக் காட்டறீங்களா? பொம்மைல ஒண்ணும் புடிபட மாட்டீங்குது."

எனக்குக் காது சூடாகிவிட்டது. என் அளவு இவருக்குத் தெரிந்திருக்கிறது என்றால் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது என்றுதானே அர்த்தம்? "நான் பி.காம். படிச்சிட்டு இங்க வந்திருக்கறது பொம்மையா நிக்கறதுக்கில்லைங்க. படிச்சவங்ககிட்ட எப்படிப் பேசறதுன்னு தெரிஞ்சுக்குங்க" என்றேன். சத்தமாகவே சொன்னேன்.

அக்கா துணியை நான்காக மடித்தார், மெஷினுக்குப் போய்விட்டார். அதன்பின் என்னிடம் பேச வேண்டியதை வேறு யாரிடமாவது சொல்லி அனுப்புவார்.

தோள் பொருந்தவில்லை என்று முதல் சாம்பிள் திரும்பியது. மாஸ்டர் தோளை இன்னும் அகலமாக்கி இரண்டாவது அனுப்பினார். உடம்பு பெருசானால் தோளும் அதே கணக்கில் பெருசாக வேண்டும் என்பது அவர் முடிவு. பதினைந்து நாள் கழித்து ஒரு மத்தியானம் ஃபேக்ஸ் மெஷின் கிர்ரென்று தாளைத் தள்ளியது. முதலாளியும் மாஸ்டரும் என் மேசைக்கு வந்து நின்றார்கள். வேலை குறைந்திருந்த மாதம் அது. ஏற்கெனவே ஒரு லைன், அதாவது ஒரு வரிசை மெஷின் பெண்களை, சொல்லி அனுப்புகிறோம் என்று வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். அடுத்தது சாம்பிள் அக்கா இருக்கிற லைன் என்று பேச்சு. செக்கிங் மேசையில் கைகள் நின்றுவிட்டன.

நான் படித்துத் தமிழில் சொன்னேன். தோள் சரிந்து விழுகிறது. கைக்குழி தொங்குகிறது. முன்பக்கம் தூக்குகிறது. வெள்ளிக்கிழமைக்குள் சரியான சாம்பிள் கூரியரில் கிளம்பாவிட்டால் ஆர்டர் வேறு கம்பெனிக்குப் போய்விடும்.

"ஷீட்டுல இருக்கறத நூல் பிசகாம வெட்டி, தோளும் அதே கணக்குல வெச்சிருக்கறனுங்க" என்றார் மாஸ்டர். "வேணும்னா பெரியம்மாவக் கேட்டுப் பாருங்க."

யாரும் சிரிக்கவில்லை. நான் தாளைப் பிடித்தபடியே நின்றிருந்தேன். தோள் சரிகிறது, கைக்குழி தொங்குகிறது, முன்பக்கம் தூக்குகிறது. கடல் தாண்டி வந்த இந்த மூன்று வரியும் என் உடம்புக்குப் பன்னிரண்டு வயதிலிருந்து தெரியும். அந்த நிமிடம்கூட என் சுடிதாருக்குள் இரண்டு ஊக்குகள் அதைத்தான் இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தன. அக்கா கேட்ட அன்றைக்கே உள்ளே போயிருந்தால் ஐந்து நிமிடத்தில் சொல்லியிருப்பேன். பி.காம். படித்தவளுக்கு வாய்தான் இருந்தது.

அக்காவின் மெஷினுக்குப் போனேன். அவர் நிமிரவில்லை.

"அக்கா, அன்னைக்கு நான் பேசினது தப்புங்க. இப்ப போட்டுப் பாக்கறேன்."

"வேண்டாமுங்க அம்மிணி. படிச்சவங்க நீங்க."

"படிச்சதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லைங்க அக்கா. இந்த மேல்துணிக்கு என்ன வியாதின்னு எனக்குத் தெரியும். உங்களுக்குத் தச்சுக் குடுக்கத் தெரியும்."

அவர் மெஷினை நிறுத்திவிட்டு எழுந்தார்.

துணி உருளைகள் அடுக்கியிருந்த மூலையில் இரண்டு பெண்கள் ஒரு நீளத் துணியைப் பிடித்துத் திரையாக நின்றார்கள். திரும்பி வந்திருந்த முதல் சாம்பிளைப் போட்டுக்கொண்டேன். மாம்பழ மஞ்சள். தோள் இரண்டும் வழக்கம்போல முழங்கைக்குக் கிளம்பின. துப்பட்டா இல்லை, ஊக்கு இல்லை. திரைக்கு அந்தப் பக்கம் முதலாளி, மாஸ்டர், இருபது இருபத்தைந்து பெண்கள். கால் நகரவில்லை. "நாங்க இருக்கறமுங்க, வாங்க" என்று அக்கா என் காதோடு சொன்னார். பிறகு அவரே துணியை விலக்கிவிட்டார்.

செக்கிங் மேசையிலிருந்து ஒரு குரல், "பெரியம்மாவுக்கு உசுரு வந்துருச்சு" என்றது. அக்கா திரும்பிப் பார்த்த பார்வையில் அந்தக் குரல் அடங்கியது. எனக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ, நேராக மாஸ்டர் முன்னால் போய் நின்றேன்.

"மாஸ்டர், எனக்கு வயிறுதானுங்க பெருசு. தோள் எங்கம்மா தோள்தான். அவங்க ஒல்லி."

 முதலில் சிரித்தது முதலாளி. பிறகு மாஸ்டர். பிறகு எல்லோரும். அதில் நானும் இருந்தேன். அந்த அறையில் நான் மனசோடு சிரித்த முதல் சிரிப்பு அது.

மாஸ்டர் சாக்பீஸை எடுத்தவர், என் தோள்பக்கம் வரக் கூச்சப்பட்டு அதை அக்காவிடம் கொடுத்தார். "தோளு எங்க நிக்கோணும், சொல்லு சாமி" என்றார். நான் சொல்லச் சொல்ல அக்கா கோடு போட்டார். தோள் இங்கே முடிய வேண்டும். கைக்குழி இவ்வளவு மேலே வர வேண்டும், ஆனால் கையைத் தூக்கினால் பிடிக்கக் கூடாது. வயிறு துணியைத் தூக்குவதால் முன்பக்க நீளம் பின்பக்கத்தைவிட ஒன்றரை இஞ்ச் கூட இருக்க வேண்டும். பக்கத்துப் பிளவு இடுப்புக்குக் கீழே தொடங்கினால் உட்காரும்போது தெறிக்காது. இத்தனை வருடம் கண்ணாடி முன்னால் நின்று எனக்கு நானே சலித்துக்கொண்டதெல்லாம் வரிசையாக வந்தது. மாஸ்டர் ஒரு பழைய அட்டையின் பின்புறம் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். "இத்தன நாளா பெரியம்மாவுக்குத் தோள்லயும் வேஸ்ட்டச் சுத்திப்போட்டனே" என்று தனக்குள் முனகினார்.

வெள்ளிக்கிழமை காலையில் புதிய சாம்பிள் தயார். நான் போட்டுக்கொண்டு செக்கிங் மேசையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை நடந்தேன், உட்கார்ந்தேன், பரணில் எதையோ எடுப்பது போலக் கையைத் தூக்கினேன். தோள் அசையவில்லை. அலுவலகக் கண்ணாடிக் கதவில் மஞ்சளாக ஒரு பெண் தெரிந்தாள். படத்தில் பார்த்தவள் மாதிரி அவள் இல்லை. என்னைப் போலவே இருந்தாள். அதனால்தான் அவளிடமிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை.

அடுத்த வாரம் வந்த ஃபேக்ஸில் இருந்தது ஒரே வரி. பொருத்தம் சரி, வேலையைத் தொடங்கலாம். அதை நான் மூன்று முறை சத்தமாகப் படிக்க வேண்டியிருந்தது. அக்காவின் லைன் வீட்டுக்குப் போகவில்லை. ஏற்கெனவே வீட்டுக்கு அனுப்பிய லைன் பெண்களைத் திரும்ப அழைத்து வரவும் ஆள் போயிற்று.

சரக்கு கிளம்பிய பிறகு திரும்பி வந்திருந்த முதல் சாம்பிளை முதலாளி எனக்கே கொடுத்துவிட்டார். சாப்பாட்டு நேரத்தில் அக்கா அதன் தோளைப் பிரித்து எனக்காகத் தைத்தார். "இதுக்குக் கீழ என்ன போடப்போறீங்க?" என்று கேட்டார். "கறுப்பு" என்றேன் பழக்கத்தில். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "பழுத்த மொளகாச் செகப்பு போடுங்க அம்மிணி. ஒளியறவங்களுக்குத்தான் கறுப்பு." நான் யோசித்தேன். சிவப்பில் பேன்ட் தைக்கலாம். துப்பட்டா பச்சை, ஒரு தோளில் மட்டும், ஊக்கு இல்லாமல். காதுக்குப் பெரிய வளையம். ஒவ்வொன்றாக நானே தேடி எடுத்தேன். அளவை மறைக்க எடுக்காமல் எனக்குப் பிடித்ததற்காக எடுத்த முதல் உடுப்பு அது.

அதைப் போட்டுக்கொண்டு ஒரு சனிக்கிழமை சாயங்காலம் ஊரில் பஸ்ஸிலிருந்து இறங்கினேன். அன்றைக்கு நல்ல காற்று. துப்பட்டா கொடி மாதிரி பறந்தது. களத்தில் பருப்பு அள்ளிக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்தார்கள். அத்தை முறையாகும் ஒருவர், "என்ன அம்மிணி, கண்ணெல்லாம் கூசுது" என்றார்.

"கூசுனா நெழல்ல நின்னுக்குங்க அத்தை" என்றேன். அவரே சிரித்துவிட்டார்.

அம்மா முறத்தைக் கீழே வைத்துவிட்டு வந்தார். என்னைச் சுற்றி ஒருமுறை பார்த்தார். கையைத் துடைத்துக்கொண்டு என் தோள் தையலைத் தொட்டார்.

"பஸ்ஸை உட்டு எறங்கறப்பவே நீதான்னு தெரிஞ்சுது கண்ணு. முன்னெல்லாம் பக்கத்துல வந்தாத்தான் தெரியும். தோளு அப்படியே நிக்குதே, ஆரு தச்சது?"

எல்லாவற்றையும் சொன்னேன். அக்காவை நான் பேசிய பேச்சையும் விடாமல் சொன்னேன். கேட்டுவிட்டு அம்மா, "திங்கக்கெழம போறப்ப ரெண்டு தேங்கா கொண்டுபோய்க் குடு" என்றார். பிறகு முறத்தை எடுத்துக்கொண்டார். தானும் படிக்காதவர் என்பதை அவர் சொல்லிக் காட்டவில்லை. அதனால்தான் எனக்கு அது உறைத்தது.

ஐந்து வருடம் ஆகிவிட்டது. அந்த மஞ்சள் இப்போது வெளுத்து எலுமிச்சை நிறமாகிவிட்டது, தோள் மட்டும் அப்படியே நிற்கிறது. இந்த உடம்பைப் பார்த்துக் கூசிய என் படிப்புக்குத் தெரியாத விடை இந்த உடம்புக்கே தெரிந்திருந்தது என்பதையும், அதை முதலில் கண்டுகொண்டவர் எழுத்துத் தெரியாத ஒரு அக்கா என்பதையும், அலமாரியைத் திறந்து இன்றைக்கு எதோடு எதைச் சேர்த்துப் போடலாம் என்று யோசிக்கும் ஒவ்வொரு காலையிலும் நினைத்துக்கொள்கிறேன்.